எச்.எம்.டி.: காரணப்பெயரா, இடுகுறிப்பெயரா? பீன்யாவில் ஒரு வணிகப்பெயரும் அதன் கைவாகும்

எச்.எம்.டி. என்னும் மூன்றெழுத்து பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் இன்றும் இருவேறு பொருள்களின்மேல் காணக்கிடைக்கிறது. ஒன்று, பட்டறையில் ஓடும் லேத். மற்றொன்று, அந்த லேத்தை ஓட்டுபவரின் தந்தையோ மாமனாரோ ஒரு காலத்தில் கட்டியிருந்த கைக்கடிகாரம். முதலாவது இன்றும் சோறு போடுகிறது. இரண்டாவது சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் பொருளாகிவிட்டது. இரண்டும் பீன்யாவை ஒட்டிய ஜாலஹள்ளியில் பிறந்தவை. இரண்டையும் பற்றிப் பேசுவோர், "கைக்கு வாகாக இருக்கும்" என்ற ஒரே பாராட்டைச் சொல்கிறார்கள்.

பொழுதுபோக்காகப் பொருள்களைச் சேர்ப்போரும் கருவிகளைக் கையாள்வோரும் வணிகப்பெயருக்கும் கைவாகுக்கும் தரும் முதன்மையை ஆய்வுலகம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் விளக்கிவிடுகிறது. வணிகவியலார் அதனை விளம்பரத்தின் விளைவு என்பர். பண்பாட்டு ஆய்வாளர் பழமை ஏக்கம் என்பர். எச்.எம்.டி. கடிகாரங்களின் வரலாறு இவ்விரு விளக்கங்களுக்கும் முழுமையாக அடங்குவதில்லை. கைவாகு என்பது கை சேர்த்துவைத்த அறிவு; வணிகப்பெயர் அவ்வறிவின் சுருக்கெழுத்து. சுருக்கெழுத்து மட்டும் எஞ்சி, அது குறித்த அறிவு மறையும்போது என்ன நேர்கிறது என்பதே இப்பதிவின் கேள்வி.

*ஜாலஹள்ளியில் ஒரு பெயர்*

ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் 1953இல் அரசுத்துறை நிறுவனமாகப் பெங்களூருவில் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனம் தொழில்நுட்ப உதவி அளித்தது. முதல் நோக்கம் கடிகாரம் அன்று. இயந்திரங்களை உருவாக்கும் இயந்திரங்களை நாட்டிலேயே செய்வது. தொழில்மயமாக வேண்டிய ஒரு நாடு லேத்துக்கும் மில்லிங் இயந்திரத்துக்கும் வெளிநாட்டை எதிர்நோக்கி நிற்கக்கூடாது என்பது அக்காலத் திட்டமிடலின் அடிப்படைக் கருத்து.

கடிகாரம் 1961இல் வந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவில் பெங்களூருவில் கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது. அங்கு உருவான முதல் தொகுதிக் கைக்கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். அதுவரை இந்தியர் கையில் இருந்தவை பெரும்பாலும் சுவிஸ் கடிகாரங்களே. ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், கேமி, ரோமர் ஆகிய பெயர்களைச் சென்ற தலைமுறையினர் இன்றும் நினைவிலிருந்து சொல்வர். அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு அவற்றை அரிதாக்கியது. கடத்தல் அவற்றை மர்மமாக்கியது. இச்சூழலில்தான் லேத் செய்த நிறுவனம் கைக்கடிகாரத்துக்கும் தன் பெயரையே வைத்தது.

'மெஷின் டூல்ஸ்' என்பது இயந்திரக் கருவிகளைக் குறிக்கும். மணிக்கட்டில் கட்டும் நுண்பொருளின் முகப்பில் அச்சுருக்கம் அமர்ந்தது பொருளளவில் பொருந்தாத ஒன்று. ஆயினும் அப்பொருத்தமின்மை எவர் கண்ணிலும் உறுத்தவில்லை. இதனை விளக்க நன்னூலாரின் பாகுபாடு உதவுகிறது. காரணம் கருதி இட்ட பெயர் காரணப்பெயர். காரணமின்றி மரபாய் வழங்குவது இடுகுறிப்பெயர். இவ்விரண்டுக்கும் இடையே காரண இடுகுறி என்று உரையாசிரியர்கள் ஒரு வகையைக் காட்டுவர். முள் உடைமையால் முள்ளி எனப் பெயர் வந்தது. ஆனால் முள் உடைய செடிகளெல்லாம் முள்ளி ஆவதில்லை. காரணம் இருக்கிறது, வழக்கு அதனை ஒன்றுக்கு மட்டும் உரியதாக்கிவிட்டது.

லேத்தின்மேல் உள்ள எச்.எம்.டி. காரணப்பெயர். கடிகாரத்தின்மேல் அது இடுகுறியாய்த் தொடங்கி, பயன்பாட்டால் புதிய காரணம் பெற்றது. பின்னர் அது கடிகாரத்தையும் கடந்தது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்ட உழவர் தாதாஜி கோப்ரகடே தம் வயலில் தெரிவுசெய்து வளர்த்த சன்ன ரக நெல்லுக்கு அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த கடிகாரத்தின் பெயரே சூட்டப்பட்டது. எச்.எம்.டி. அரிசி இன்றும் சந்தையில் உண்டு. நெல்லுக்கும் இயந்திரக் கருவிக்கும் எத்தொடர்பும் இல்லை. நம்பத்தக்கது, நன்கு செய்யப்பட்டது, எளியவனுக்கும் எட்டக்கூடியது என்ற பொருள் மட்டும் அம்மூன்றெழுத்தில் ஏறி நெல்மூட்டை வரை பயணம் செய்திருக்கிறது. ஒரு வணிகப்பெயரின் பொருளை அறிய விளம்பரப் படிகளைக் காட்டிலும் இத்தகைய பெயர் இடம்பெயர்வுகள் வலுவான சான்று.

*முகப்பின் பெயர்கள்*

நிறுவனப் பெயருக்குக் கீழே ஒவ்வொரு மாதிரிக்கும் தனிப்பெயர் இருந்தது. அவற்றை மூன்று குழுக்களாக வகுக்கலாம். ஜனதா, ஜவான், பைலட் ஆகியவை ஆட்களைக் குறிப்பவை. சோனா, காஞ்சன், ரஜத், கோஹினூர் ஆகியவை பொன், வெள்ளி, மணி ஆகியவற்றைக் குறிப்பவை. சுஜாதா போன்றவை பெண்களுக்கான கடிகாரங்களுக்கு இட்ட பெண்பெயர்கள். முதற்குழு குடியரசின் சொல்லகராதி. இரண்டாவது திருமண வீட்டின் சொல்லகராதி.

இவ்விரு சொல்லகராதிகளும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தன என்பது கருதத்தக்கது. ஜனதா கையால் சாவி கொடுக்கும் எளிய கடிகாரம். வட்ட முகப்பு, 17 ஜுவல்கள், மிகையற்ற தோற்றம். காஞ்சன் பொன்முலாம் பூசிய தானியங்கிக் கடிகாரம். நாளும் கிழமையும் காட்டும். வடநாட்டிலும் தெற்கிலும் மாப்பிள்ளைக்குரிய சீரில் அதற்கு இடம் இருந்தது. குறித்த விலைக்கு மேல் கொடுத்தும் வாங்கினார்கள். தமிழ் வீடுகளில் மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் என்னும் மூன்றும் மாப்பிள்ளை முறைமையில் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை. தேர்வில் தேறிய மகனுக்கும், பணி ஓய்வு பெறும் எழுத்தருக்கும் கடிகாரமே பரிசு. எனவே பெரும்பாலோர் தம் முதல் எச்.எம்.டி.யைத் தாமே தேர்ந்து வாங்கியவர் அல்லர். பிறர் கையிலிருந்து பெற்றவர். அப்பெயரின் மதிப்பில் பெரும்பங்கு விளம்பரத்தால் வந்ததன்று. கொடை, காத்திருப்பு, நெடுநாள் உழைப்பு ஆகியவற்றால் வந்தது.

அம்மதிப்புக்கு மறுபக்கமும் உண்டு. வடஇந்தியப் பல்கலைக்கழகங்களில் எச்.எம்.டி. என்ற சுருக்கத்தை 'இந்தி மீடியம் டைப்' என விரித்துத் தாய்மொழிவழிக் கல்வி கற்றுவந்த மாணவரை எள்ளும் வழக்கு உண்டு. கடிகாரத்தின் எளிமையும் பரவலும் ஒரு வர்க்கத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டாலன்றி இவ்வெள்ளல் பிறந்திராது. யாவரும் கட்டும் கடிகாரம் என்ற அதே பொருள் ஓரிடத்தில் பெருமையாகவும், மற்றோரிடத்தில் இழிவாகவும் படிக்கப்பட்டது. இன்று நகரத்துச் சேகரிப்பாளர் ஒருவர் ஜனதாவைப் பெருமிதத்துடன் கட்டும்போது, ஒரு காலத்தில் அவருடைய வர்க்கமே கழற்றி வைத்த பொருளை மீண்டும் கட்டுகிறார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

*சாவி கொடுத்தல்*

கைவாகு என்று சேகரிப்பாளர் சொல்வது எதனை? ஜனதா, பைலட் ஆகிய இரண்டிலும் ஓடுவது சிட்டிசனின் வடிவமைப்பை அடியொற்றிய 0231 என்னும் இயக்கம். மணிக்கு 18,000 அசைவு, அதாவது வினாடிக்கு ஐந்து. காதோடு வைத்தால் தனித்தனியே கேட்கும் அளவு நிதானமான துடிப்பு அது. பக்கவாட்டுக் குமிழைத் திருகும்போது, மெயின் ஸ்பிரிங்கை முறுக்கும் ராட்செட் சக்கரத்தின் பற்கள்மேல் 'கிளிக்' எனப்படும் சிறு தடுப்பு ஒவ்வொன்றாய் ஏறி விழுகிறது. விரல் நுனியில் உணரும் நறநறப்பு அதுவே. பின்னோக்கித் திருகினால் வேறொரு பல்லிணை வழுகிச் செல்லும். ஒலியும் வேறு, தடையும் வேறு. ஸ்பிரிங் நிறையும்போது தடை மெல்ல மிகும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எண்ணிக்கை சொல்வதில்லை, விரல் சொல்கிறது.

இவை வெறும் இன்பங்கள் அல்ல, தகவல்கள். எண்ணெய் வற்றிய கடிகாரம் குமிழில் வறண்டு தெரியும். தேய்ந்த கிளிக் இடையில் ஒரு பல்லைத் தவறவிடும். பொருந்தாத குமிழ் மாட்டியிருந்தால் திருகும்போது ஆடும். கண்ணாடிக்குப் பதிலாக உள்ள அக்ரிலிக் மூடியை நகத்தால் தட்டினால் வரும் மங்கிய ஒலியே அது மாற்றப்பட்டதா எனக் காட்டிவிடும். மைக்கேல் போலானி சொல்லில் வடிக்க இயலாத அறிவைப் பற்றி 1966இல் ஒரு நூலே எழுதினார். கடிகாரம் பழுது பார்ப்பவரின் விரலறிவு அதற்கு நேரான எடுத்துக்காட்டு.

தமிழ்வழக்கு இதில் ஒரு பழைய அடுக்கைக் காத்துவைத்திருக்கிறது. குமிழைத் திருகுவதை நாம் 'சாவி கொடுத்தல்' என்கிறோம். கைக்கடிகாரத்தில் சாவி எதுவும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அட்ரியன் ஃபிலிப் போன்றோர் குமிழால் முறுக்கும் அமைப்பைச் செம்மைப்படுத்துவதற்கு முன், சட்டைப்பைக் கடிகாரங்களுக்குத் தனிச் சாவி இருந்தது. சுவர்க்கடிகாரங்களுக்கு அதன் பின்னும் நெடுங்காலம் இருந்தது. பொருள் மாறிய பின்னும் வினை மாறவில்லை. இந்தியிலும் கடிகாரத்துக்குச் 'சாபி' நிரப்புவதாகவே சொல்வர். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த 'சாவி' என்ற சொல்லும், 'கொடு' என்ற நம் வினையும் சேர்ந்து, இயந்திரத்துக்கு நாள்தோறும் உயிரூட்டும் ஒரு செயலைக் குறிக்கின்றன. 'கொடு' என்பதில் பெறுபவர் ஒருவர் உண்டு. தினமும் காலையில் கொடுக்காவிட்டால் அது நின்றுவிடும். கடிகாரத்துக்கும் உடையவருக்கும் இருந்த உறவின் இயல்பு அந்த வினையிலேயே பதிவாகியுள்ளது.

தொடுவுணர்வு நேர்ப்பொருளிலேயே முதன்மை பெற்ற கடிகாரம் ஒன்றையும் எச்.எம்.டி. செய்தது. பார்வையற்றோருக்கான பிரெயில் கடிகாரத்தில் மூடியைத் திறந்து, முட்களையும் மேடாக்கப்பட்ட புள்ளிகளையும் விரலால் தொட்டு மணி அறியலாம். கைவாகைப் பற்றிய உரையாடல்களில் இக்கடிகாரம் பெரும்பாலும் அருங்காட்சிப் பொருளாகவே இடம்பெறுகிறது. உண்மையில் தொடுகையே தகவல் என்ற கருத்தின் முழு வடிவம் அதுதான்.

*ஓசூரிலிருந்து வந்த போட்டி*

1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. தொழிற்சாலை ஓசூரில் அமைந்தது. ஜாலஹள்ளியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவு. டைட்டன் குவார்ட்ஸை நம்பியது. எச்.எம்.டி. குவார்ட்ஸை அறியாததன்று, 1980களின் தொடக்கத்திலேயே அவ்வகைக் கடிகாரத்தை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதன் ஆலைகளும் பயிற்சியும் மனநிலையும் முறுக்கி ஓடும் கடிகாரத்தையே சுற்றியிருந்தன. டைட்டன் தோற்றம், கடை அலங்காரம், மொசார்ட்டின் 25ஆம் சிம்பொனியிலிருந்து எடுத்த விளம்பர இசை ஆகியவற்றால் தன் பெயரை வளர்த்தது. வணிகப்பெயர் விளம்பரத்தால் ஆவது என்ற கூற்று டைட்டனுக்குப் பெருமளவு பொருந்தும்.

இங்கே கைவாகின் பொருளும் மாறியது. மின்கலத்தில் ஓடும் கடிகாரத்துக்கு எவரும் சாவி கொடுப்பதில்லை. விரலுக்கு இருந்த வேலை போய், மணிக்கட்டுக்கு மட்டும் வேலை எஞ்சியது. 2002இல் வந்த டைட்டன் எட்ஜ் மொத்தமே 3.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. கட்டியிருப்பதே தெரியாமை அதன் சிறப்பு. ஒரு தலைமுறைக்குக் கைவாகு என்பது இயந்திரம் விரலுக்கு மறுமொழி சொல்வது. அடுத்த தலைமுறைக்கு இயந்திரம் இருப்பதையே மறக்கச் செய்வது. இரண்டும் தொடுவுணர்வு பற்றிய மதிப்பீடுகளே. எது உயர்ந்தது என்ற விவாதத்தைவிட, இரண்டும் இருவேறு அறிவுகளைக் கோருகின்றன என்பதே நமக்கு வேண்டியது.

இறக்குமதித் தளர்வும் மலிவான மின்னணுக் கடிகாரங்களும் எஞ்சியதை முடித்தன. 2014இல் கடிகாரப் பிரிவை மூடும் முடிவு வெளியானபோது விற்பனை நிலையங்களில் திடீரெனக் கூட்டம் கூடியது. 2016 சனவரியில் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட ஒப்புதல் அளித்தது.

*மூடிய பின் வளர்ந்த பெயர்*

வணிகப்பெயரின் பின்னிருந்த தொழிற்சாலை நின்றபோது அதன் மதிப்பு ஏறத் தொடங்கியது. சேகரிப்பாளரின் எண்ணிக்கை பெருகியது. அவர்களுக்கென ஒரு சொல்லகராதியும் வளர்ந்தது. கடையில் விற்காமல் பெட்டியோடு கிடந்த கடிகாரம் 'நியூ ஓல்டு ஸ்டாக்'. முகப்பை அழித்து மறுபடி வண்ணம் பூசி அச்சிட்டது 'ரீடயல்'. பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்தது 'ஃபிராங்கன்'. மேரி ஷெல்லியின் நாவலில் படைத்தவனின் பெயர் படைப்புக்கு ஏறிவிட்டதன் தொலைதூர விளைவு.

பைலட் கடிகாரம் இதில் முதன்மைச் சிக்கல். அதன் கறுப்பு முகப்புக்குக் கிராக்கி கூடியதும், தொழிற்சாலையில் ஒருபோதும் இல்லாத நிறங்களிலும் எழுத்துகளிலும் 'பைலட்'கள் இணையவழி உலகெங்கும் விலைபோயின. உள்ளே உண்மையான 0231 இயக்கம்; வெளியே புதிதாய் அச்சிட்ட முகப்பு. இது எச்.எம்.டி.யா? முகப்பை வைத்து முடிவு செய்பவர் இல்லை என்பார். குமிழைத் திருகிப் பார்ப்பவர் ஆம் என்பார். மறுதலையும் உண்டு. மூடலுக்குப் பின்னும் தாய் நிறுவனம் அதே பெயரில் கடிகாரங்களை விற்கிறது. அவற்றுள் அயல்நாட்டு இயக்கம் கொண்டவற்றின் முகப்பும் உரிமையும் ஐயத்துக்கிடமற்றவை. விரல் அறிந்த இயக்கம் மட்டும் அவற்றில் இல்லை. பெயரும் கைவாகும் ஒன்றாயிருந்தவரை எழாத கேள்வி, அவை பிரிந்ததும் எழுகிறது.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. மேலைநாடுகளில் மெட்டல் டிடெக்டர் கொண்டு வயல்களிலும் கடற்கரைகளிலும் நாணயம் தேடுவோர் பெருந்திரளாக உள்ளனர். அவர்கள் கருவியைத் தேர்வதில் எவ்வளவு ஆழம் காட்டும் என்ற எண் மட்டும் முடிவு செய்வதில்லை. கைப்பிடியின் சமநிலையும் காதில் கேட்கும் ஒலியின் இயல்பும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் இரும்புக்கும் வெள்ளிக்கும் வெவ்வேறாக ஒலிக்கும். பழகியவர் அதனைத் தம் கருவியின் மொழி என்றே சொல்வர். ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றுக்கு மாறும்போது புதுமொழி கற்பவராகிறார். அரிசோனாவின் டெசோரோ 2018இலும், ஆரிகனின் ஒயிட்ஸ் 2020இலும் மூடப்பட்டன. ஒயிட்ஸின் அறிவுசார் உரிமைகளைப் போட்டி நிறுவனமான காரெட் வாங்கிக்கொண்டது. பழைய கருவிகளை விடாது வைத்திருப்போர் இன்றும் உண்டு. உரிமையை வாங்கலாம், காது பழகிய ஒலியை உரிமைப் பத்திரம் கைமாற்றித் தருவதில்லை. இந்தியாவில் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்னும் 1878ஆம் ஆண்டுச் சட்டமும், தொல்லிடங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் இருப்பதால் அப்பொழுதுபோக்கு இங்கு வேரூன்றவில்லை. நம்மவர் மண்ணுக்கடியில் தேடாததை மேசை இழுப்பறைகளிலும் பழைய கடிகாரக் கடைகளிலும் தேடுகின்றனர் எனலாம்.

*லேத்தின் மேல் உள்ள எழுத்து*

மீண்டும் பீன்யாவுக்கு வருவோம். ஜாலஹள்ளியைச் சுற்றி எழுந்த எச்.எம்.டி., பாரத் எலெக்ட்ரானிக்ஸ் போன்ற அரசுத்துறை ஆலைகள், துணை உறுப்புகள் செய்யும் பட்டறைகளுக்கும் கைத்தேர்ச்சி பெற்ற தொழிலாளருக்கும் ஊற்றாயின. அவ்வூற்றை ஒட்டியே பீன்யா சிறுதொழில் வட்டாரமாக விரிந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் இதில் கலந்தனர். பட்டறைப் பேச்சில் கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகியவற்றோடு ஆங்கிலக் கருவிச் சொற்களும் ஒன்றாய் ஓடும்.

இங்கே என்.எச்.22, என்.எச்.26, எல்.பி.17 என்னும் எச்.எம்.டி. லேத்துகளின் பெயர்கள் இன்றும் உயிருள்ளவை. பழைய இயந்திரச் சந்தையில் இவற்றுக்கென மதிப்பு உண்டு. வாங்க வருபவர் முதலில் பெயர்த்தகட்டைப் பார்ப்பார். பின்னர்க் கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பி எவ்வளவு 'ப்ளே' இருக்கிறது எனப் பார்ப்பார். சக்கை மெல்லச் சுழற்றி ஓசை கேட்பார். படுகையின்மேல் விரலை ஓட்டித் தேய்மானம் தேடுவார். கடிகாரச் சேகரிப்பாளர் குமிழைத் திருகிச் செய்யும் அதே ஆய்வு இது. வேறுபாடு ஒன்றே: டர்னரின் விரல் தவறினால் வேலை பாழாகும், கூலி போகும். அவர் அதனைப் பொழுதுபோக்கு என்றோ ரசனை என்றோ சொல்வதில்லை. 'நல்ல மெஷின்' என்று மட்டும் சொல்வார்.

இந்த ஒப்புமை இரண்டு தவறான பார்வைகளைத் திருத்துகிறது. சேகரிப்பாளரின் கைவாகு வெறும் உணர்ச்சி என்பது முதலாவது. அது உணர்ச்சியானால், பிழைப்புக்காக அதே முறையில் லேத்தைத் தொட்டுப் பார்ப்பவரின் செயலையும் உணர்ச்சி என்றே சொல்ல நேரும். கைவாகு சேகரிப்பாளரின் தனிச்சொத்து என்பது இரண்டாவது. அவர் விரல் உணரும் நறநறப்பு எங்கிருந்து வந்தது? பற்சக்கரம் வெட்டிய இயந்திரத்திலிருந்தும், அவ்வியந்திரத்தைச் சீர்செய்த டர்னரிடமிருந்தும், உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்தி உறுப்புகளைப் பூட்டியவர்களிடமிருந்தும் வந்தது. கடிகாரப் பூட்டுவேலையில் பெண்கள் கணிசமாக இருந்தனர். முகப்பின் பெயர்களில் பெண்பெயர் உண்டு. பூட்டிய பெண்களின் பெயர் எந்தக் கடிகாரத்திலும் இல்லை. வணிகப்பெயர் என்பது பல கைகளின் பெயர்களை அகற்றி அவ்விடத்தில் ஒரு பெயரை வைப்பது. அது வணிகத்தின் இயல்பு. அவ்விடைவெளியை நிரப்புவது வரலாற்றாய்வின் கடமை.

*எதைச் சேகரிப்பது?*

ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. மரபு அருங்காட்சியகம் 2019இல் திறக்கப்பட்டது. கடிகாரங்களும் இயந்திரங்களும் படங்களும் அங்கே முறையாக வைக்கப்பட்டுள்ளன. லால்பாக் தோட்டத்தில் நிறுவனம் அளித்த பூக்கடிகாரம் நிற்கிறது. தொழிற்சாலை நிலத்தின் நிலை வேறு. பெங்களூருவிலும் தும்கூருவிலும் இருந்த நிலங்களின் ஒரு பகுதி விண்வெளித் துறைக்குச் சென்றது. பீன்யா தோட்டக்காடு என்று பழைய ஆவணங்களில் குறிக்கப்பட்ட 599 ஏக்கர் தனக்குரியது எனக் கர்நாடக வனத்துறை உரிமை கோர, அது 2024இல் பெரும் வழக்காகவும் செய்தியாகவும் ஆனது. ஓரிடத்தின் வரலாறு நிலப்பதிவேட்டில் காடா ஆலையா என்ற வினாவாகச் சுருங்கும்போது, அங்கு முப்பது ஆண்டுகள் பணியாற்றியோரின் கையறிவு அவ்விரு விடைகளிலும் இடம்பெறுவதில்லை.

பொருள்களைச் சேகரிப்போர் தம் பங்கைச் செய்துவருகின்றனர். ரீடயல் எது, மூலம் எது எனப் பிரித்தறிய அவர்கள் ஒப்பிட்டுத் தொகுத்த எழுத்துரு வேறுபாடுகளும், பின்மூடி எண்களும், குமிழ் வகைகளும் சுவடிப் பதிப்பாளர் பாடபேதம் காணும் முறைக்குச் சிறிதும் குறைந்தவை அல்ல. கல்விப்புலம் அவ்வுழைப்பைப் பொழுதுபோக்கு என்று தள்ளாமல் ஆவணமாக ஏற்க வேண்டும். ஆனால் அவர்கள் காப்பது பெரும்பாலும் முகப்பை. கை எஞ்ச வேண்டுமானால் சொற்களைச் சேகரிக்க வேண்டும்.

மொழியியல் மாணவர்கள் இப்பணிக்கு உரியவர்கள். பெங்களூருவிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் பேருந்து நிலையத்தருகே ஒரு கண்ணாடிப் பெட்டியின் பின் அமர்ந்து கடிகாரம் பழுதுபார்க்கும் முதியோரும், எச்.எம்.டி.யில் ஓய்வுபெற்று பீன்யா, ஜாலஹள்ளி, தாசரஹள்ளிப் பகுதிகளில் வாழ்வோரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் எந்த மாதிரி சிறந்தது என்று கேட்டால் முகப்பின் பெயரே விடையாக வரும். வேறு கேள்விகள் வேண்டும். ஸ்பிரிங் நிறைந்துவிட்டது என்பதை எச்சொல்லால் சொல்வீர்கள்? எண்ணெய் வற்றிய ஓட்டத்துக்கு என்ன பெயர்? பழகுநருக்குத் திருகின் இறுக்கத்தை எப்படிக் கற்பித்தீர்கள், எந்த ஒப்புமை சொன்னீர்கள்? கன்னட மேற்பார்வையாளரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரு குறைபாட்டை எந்தச் சொல்லால் ஒருவருக்கொருவர் உணர்த்தினீர்கள்? இவற்றுக்கு விடையாக வரும் சொற்கள் எந்த அகராதியிலும் ஏறாதவை. நிறுவனக் கோப்புகளிலும் இடம்பெற வாய்ப்பில்லாதவை.

எச்.எம்.டி. இன்று மீண்டும் இடுகுறிப்பெயராக ஆகிவருகிறது. ஏற்ற விலைக்கு எந்த முகப்பிலும் அதனை அச்சிடலாம். அதன் காரணம் இருப்பது இம்மனிதர்களின் விரல்களிலும் சொற்களிலும். இப்பதிவைப் படிப்போரின் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், ஒரு பழைய கடிகாரத்தை அவர் கையில் கொடுத்து, அவர் அதைத் திருகிப் பார்த்துச் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிவையுங்கள். அவரது ஊர், பணியாற்றிய பிரிவு, ஆண்டுகள் ஆகியவற்றையும், அவர் இசைந்தால், உடன் குறித்துவையுங்கள். ஆய்வேடாகாவிட்டாலும் அது தரவாக நிற்கும்.